ஒரு மணிக்குத் திரும்பிவிடுங்கள்!

கோலாலம்பூருக்குப் பக்கத்தில் சிலாங்கூரின் உயர்ந்த மழைக்காட்டு மலைகளில் ஒன்று: நுவாங் உச்சிக்கு ஒரே பகலில் போய்வர, முதல் நாள் இரவே போட வேண்டிய கணக்கு

சிலாங்கூரின் உயரமான மலைகளில் ஒன்று தலைநகரிலிருந்து காரில் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறது. செராஸ் வழியாக உலு லங்காட் சாலையைப் பிடித்து, 14ஆம் கட்டையில் ரொட்டி சானாய் சாப்பிட்டு, 18ஆம் கட்டையையும் தாண்டிப் போனால் பங்சூன். அங்கே வண்டியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தால் தித்திவங்சா மலைத்தொடர். அந்தத் தொடரில், சிலாங்கூர் பகாங் எல்லையில், 1,493 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது குனோங் நுவாங்.

வார இறுதி என்றால் பங்சூனில் விடியுமுன்பே நெற்றி விளக்குகள் மினுங்கத் தொடங்கிவிடும். கல்லூரி மாணவர்கள், அலுவலக நண்பர்கள், கினபாலுவின் 4,095 மீட்டருக்குக் காலைப் பழக்குகிறவர்கள், ஓய்வு பெற்ற தம்பதிகள் என்று எல்லா வகையினரும் வருகிறார்கள். சமீப காலமாக நம் இளைஞர்களும் கூட்டம் கூட்டமாக வருவதைப் பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் புறப்படும் உற்சாகத்தில் பாதியாவது திட்டமிடுவதில் இருக்கிறதா என்றால், இல்லை.

காரணம், இந்த மலை பக்கத்தில் இருப்பதுதான். கினபாலுவுக்குப் போகிறவர் மாதக்கணக்கில் தயாராகிறார். நுவாங்குக்குப் போகிறவர் சனிக்கிழமை இரவு வாட்ஸ்அப்பில் முடிவெடுத்து, ஞாயிற்றுக்கிழமை எட்டரைக்குப் பங்சூன் வந்து சேர்கிறார். மலைக்கு வந்து சேரும் தூரம்தான் ஒரு மணி நேரம். அதன் உச்சிக்கும் வண்டி நிற்கும் இடத்துக்கும் இடையே ஒரு முழுப் பகல் கிடக்கிறது. அந்தப் பகலை எப்படிப் பங்கிடுவது என்பதே இந்தக் கட்டுரை.

இருட்டிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

மலை நடைக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று கணிக்க ஒரு பழைய சூத்திரம் உண்டு. 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்னது. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். பங்சூனிலிருந்து நுவாங் உச்சிக்குப் போய்வர ஏறத்தாழ 20 கிலோமீட்டர். ஏற்றம் 1,200 மீட்டருக்குக் குறையாது. சூத்திரப்படி நாலும் இரண்டும் ஆறு மணி நேரம்.

இந்த ஆறை நம்பிப் போனவர்கள்தான் இருட்டில் மாட்டிக்கொள்கிறார்கள். நெய்ஸ்மித்தின் கணக்கு குளிர்ந்த, வெட்டவெளியான மலைகளுக்கு உரியது. இங்கே வேர்கள் பின்னிய பாதை, வழுக்கும் செம்மண், வியர்வை காயவே காயாத ஈரக் காற்று. பாதியை மேலே சேர்த்தால் ஒன்பது. தண்ணீர் குடிக்க, சாப்பிட, உட்கார ஒரு மணி நேரம் சேர்த்தால் பத்து. ஏறுவதற்கு ஐந்தரை, இறங்குவதற்கு நாலரை என்று பிரித்துக்கொள்ளலாம்.

இப்போது இருட்டிலிருந்து பின்னோக்கி வாருங்கள். நம் நாட்டில் ஆண்டு முழுவதும் ஏழு மணியை ஒட்டித்தான் விடியும். ஏழை ஒட்டித்தான் இருட்டும். ஆனால் மரக்கூரைக்கு அடியில் கணக்கு வேறு. நடுப்பகலிலேயே சூரிய வெளிச்சத்தில் நூற்றுக்கு ஓரிரண்டு பங்குதான் தரைக்கு வந்து சேருகிறது. மாலை ஆறரைக்கு எது வேர், எது மண் என்று தெரியாது. ஆகவே ஆறரைதான் அந்தி. அதில் ஒரு மணி நேரத்தை எதிர்பாராததற்கு ஒதுக்குங்கள். கால் பிசகலாம், மழை பிடித்துக்கொள்ளலாம். மிச்சம் ஐந்தரை. அதிலிருந்து இறங்கும் நாலரை மணி நேரத்தைக் கழித்தால் பகல் ஒரு மணி.

அதுதான் திரும்பும் நேரம். காலை ஏழுக்கு நடக்கத் தொடங்கினால் பன்னிரண்டரைக்கு உச்சி; அரை மணி நேரம் கையிருப்பு. எட்டரைக்குத் தொடங்கினால் உச்சி அன்றைக்கு இல்லை என்று பங்சூனிலேயே முடிவாகிவிடுகிறது. அப்படியானால் பாதி வழியில் உள்ள ஓடைக்கரை முகாம் வரை போய், குளிர்ந்த நீரில் கால் நனைத்துவிட்டு வரலாம். அதுவும் நல்ல நாள்தான்.

பாதை மூன்று விதமாகச் சோதிக்கும்

முதலில் வருவது ஒரு மண் சாலை. மரம் ஏற்றிய லாரிகளுக்காகப் போட்ட அகலமான பாதை. கல்லும் சரளையுமாக ஏறி இறங்கி ஏறிக் கிட்டத்தட்ட ஐந்து கிலோமீட்டர் நீள்கிறது. மேலே நிழல் குறைவு, பார்ப்பதற்கும் அதிகம் இல்லை. போகும்போது காலைக் குளிரில் பேசிக்கொண்டே கடந்துவிடலாம். இதன் சோதனை திரும்பும்போதுதான். முட்டி வலித்து, தண்ணீர் தீர்ந்து, ‘காடு முடிந்துவிட்டது, இனி சாலைதானே’ என்று மனம் தளர்ந்த வேளையில் அதே ஐந்து கிலோமீட்டர் எதிரே வந்து நிற்கும். திட்டம் போடும்போது பெரும்பாலோர் மறப்பது இந்தச் சாலையைத்தான்.

சாலை முடிந்தால் கேம் லோலோ. ஓடைக்கரை, கூடாரம் போடத் தோதான சமதளம். அங்கிருந்து பாதை ஒற்றையடியாகச் சுருங்கி, நேரே மேலே தூக்குகிறது. கையால் வேரைப் பிடித்து, முழங்காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி வைக்க வேண்டிய படிகள். அட்டைக்குப் பெயர்போன கேம் பச்சாட் வழியாக முதுகுத்தண்டு போன்ற மலைவரம்பில் ஏறினால் பெங்காசி முகடு வருகிறது.

பெங்காசிதான் மூன்றாவது சோதனை. வானம் திறந்திருக்கிறது, காற்று வீசுகிறது, உச்சி வந்துவிட்டது என்று பையை இறக்கிவைக்கத் தோன்றும். ஆனால் நுவாங் எதிரே நிற்கும். ஒரு சரிவில் இறங்கி மறுபடி ஏற வேண்டும். அரை மணியிலிருந்து முக்கால் மணி வரை பிடிக்கும். திரும்பும்போதும் இந்தச் சரிவைத் திரும்ப ஏறித்தான் ஆக வேண்டும். இங்கே ஒரு முறை கடிகாரத்தைப் பாருங்கள். பன்னிரண்டேகாலைத் தாண்டியிருந்தால் பெங்காசியே அன்றைய உச்சி.

இறங்கி வருகிறவர்களிடம் நேரம் கேட்டு முடிவெடுக்காதீர்கள். ‘இன்னும் எவ்வளவு தூரம்ணே?’ என்று யாரைக் கேட்டாலும், மலாய்க்காரரோ சீனரோ தமிழரோ, ‘லிமா மினிட் லாகி’ என்பதே பதில். ஐந்து நிமிடம்தான் என்று உற்சாகப்படுத்துவது இங்குள்ள மலைவழக்கம். அந்த அன்பைப் பெற்றுக்கொள்ளுங்கள். நேரத்துக்குக் கைக்கடிகாரத்தையே நம்புங்கள்.

மழை உங்கள் தலையில் பெய்ய வேண்டியதில்லை

கிள்ளான் பள்ளத்தாக்கு உலகிலேயே அதிகம் இடி இடிக்கும் பகுதிகளில் ஒன்று. காலை வெயில் நிலத்தைச் சூடாக்க, ஈரக்காற்று மலைச்சரிவில் ஏறிக் குளிர்ந்து, பிற்பகலில் கொட்டும். ஏப்ரலை ஒட்டியும் அக்டோபர், நவம்பரிலும் இது இன்னும் கடுமை. ஒரு மணிக்குத் திரும்பச் சொல்வதற்கு இருட்டு பாதிக் காரணம் என்றால், இந்த இடிமழை மறுபாதி. மூன்று மணிக்கு மின்னல் வெட்டும்போது நீங்கள் வரம்பின் மேல் நிற்கக்கூடாது. தாழ்வான காட்டுக்குள் வந்திருக்க வேண்டும்.

அதைவிடக் கொடியது ‘கெப்பாலா ஆயேர்’. மலையின் மேற்பகுதியில் பெய்த மழை ஓடையில் திரண்டு, ஒரே அலையாகக் கீழே பாய்வது. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். தண்ணீர் மட்டும் சொல்லாமல் வந்துவிடும். 2021 ஆகஸ்டில் கெடாவின் குனோங் ஜெராயில் இப்படி இறங்கிய வெள்ளம் அடிவாரத்தில் உயிர்களைப் பறித்தது. அதே ஆண்டு டிசம்பரில் உலு லங்காட்டே வெள்ளத்திலும் மண்சரிவிலும் சிக்கித் தவித்தது. 2022 டிசம்பர் 16 அதிகாலை பத்தாங் காலியில் முகாம் தளத்தின் மீது சரிவு விழுந்து 31 பேர் மாண்டதை நாடு மறக்காது.

கேம் லோலோ ஓடையில் இறங்குகிறவர்கள் நாலு அறிகுறிகளை மனத்தில் வையுங்கள். தெளிந்த நீர் திடீரென்று கலங்கும். இலையும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வரும். நீர்மட்டம் காரணமில்லாமல் ஏறும் அல்லது குறையும். மேலே லாரி வருவது போன்ற இரைச்சல் கேட்கும். ஒன்று தெரிந்தாலும் செருப்பையும் பையையும் விட்டுவிட்டுக் கரையேறி உயரத்துக்குப் போய்விடுங்கள். முந்தைய நாள் முழுக்கப் பெய்திருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவதே சரி.

காலில் பத்துப் பதினைந்து வெள்ளி ரப்பர்

பங்சூனில் விலை உயர்ந்த காலணிகளைப் பார்க்கலாம். ஆனால் மலை வழிகாட்டிகள் பலரின் காலில் இருப்பது ‘அடிடாஸ் கம்போங்’. முழுக்க ரப்பரில் ஒரே அச்சாக வார்த்த கறுப்புக் காலணி. அடிப்பக்கம் சிறு சிறு குமிழ்கள், ஈரமண்ணையும் வேரையும் கவ்விக்கொள்ளும். தண்ணீர் புகுந்தால் கவிழ்த்துக் கொட்டிவிட்டுப் போட்டுக்கொள்ளலாம். விலையும் மிகக் குறைவு. இது தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களின் காலணி. பனி சொட்டும் விடியலில் சரிவான நிரைகளில் மரத்துக்கு மரம் ஓடிய நம் பாட்டன், பாட்டிகளின் உழைப்புக்குத் துணை நின்ற அதே ரப்பர், இன்று நாட்டின் மலையேறிகள் பலரும் நம்பும் காலணியாகிவிட்டது. கணுக்காலுக்கு இது தாங்கல் தராது என்பதை மட்டும் நினைவில் வைத்து, கனமான காலுறையோடு, ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள். புதிதாக வாங்கி நேரே நுவாங்குக்குப் போட்டுவராதீர்கள்.

அந்தக் காலுறைதான் அட்டைக்கும் காப்பு. மழை பெய்து ஓய்ந்த பாதையில் சற்றுக் குனிந்து பாருங்கள். சருகின் விளிம்பில் தீக்குச்சி அளவில் ஒன்று, பின்பக்கத்தை ஒட்டவைத்துக்கொண்டு, முன்பக்கத்தைக் காற்றில் சுழற்றித் தேடிக்கொண்டிருக்கும். உங்கள் மூச்சும் உடற்சூடும் காலடி அதிர்வும் அதற்குத் தெரிகிறது. தரையில் இருக்கும் பழுப்பு அட்டை கடிப்பதே தெரியாது. இடுப்புயர இலைகளில் காத்திருக்கும் வரியட்டை கடித்தால் சுருக்கென்று வலிக்கும். எதுவானாலும் நெருப்பு வைக்க வேண்டாம், பிய்த்து இழுக்கவும் வேண்டாம். மெல்லிய முனைப்பக்கம் நகத்தைக் கொடுத்து நெம்பினால் விட்டுவிடும். அது இரத்தம் உறையாமல் இருக்க ஒன்றைச் செலுத்தியிருப்பதால் சிறிது நேரம் கசியும். கழுவி, பிளாஸ்டர் ஒட்டினால் போதும்.

பையில் இருக்க வேண்டியவை

- ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். லோலோவுக்கு மேல் ஓடையை நம்பித் திட்டம் போடக்கூடாது. ஓடை நீரை வடிகட்டாமல், காய்ச்சாமல் குடிக்க வேண்டாம். எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சல் இங்கே நிசம்.
- உப்புச் சத்துப் பொடி. வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போனால் தசை பிடிக்கும், தலை சுற்றும்.
- நாசி லெமாக் பொட்டலம், வாழைப்பழம், பேரீச்சை, கடலை. பசிக்குமுன் சாப்பிடுங்கள்.
- நெற்றி விளக்கு, மாற்று மின்கலம். பகல் பயணமானாலும் ஆளுக்கொன்று கட்டாயம்.
- மழைச்சட்டை, பிளாஸ்டிக் உறையில் ஒரு காய்ந்த உடை. உச்சியில் கோலாலம்பூரைவிட ஏழெட்டுப் பாகை குளிர் கூடுதல். நனைந்த உடம்பு நடுங்கிவிடும்.
- ஊதல். வழி தவறினால் நின்ற இடத்திலேயே நின்று மூன்று முறை ஊதுங்கள், இடைவெளி விட்டு மீண்டும் மூன்று முறை.
- இணையம் இல்லாமல் திறக்கும் வரைபடம் ஏற்றிய கைபேசி, பவர் பேங்க்.
- குப்பைப் பை. கொண்டுபோன ஒவ்வொரு உறையும் கீழே வர வேண்டும்.

உடம்பைக் கேட்டுவிட்டு மலையைக் கேளுங்கள்

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறவருக்கு நுவாங் முதல் மலையாக இருக்கக்கூடாது. வரிசையாகப் போகலாம். புரோகா குன்றில் ஒரு காலைப்பொழுது. பிறகு நெகிரி செம்பிலானின் 825 மீட்டர் ஆங்சி, 884 மீட்டர் குனோங் டத்தோக். அதன்பின் கோலக்குபு பாருவில் ஆயிரம் மீட்டரைத் தாண்டும் புக்கிட் கூத்து. கூத்துவிலிருந்து மறுநாள் காலில் பெரிய வலி இல்லாமல் எழுந்தால் நுவாங்குக்கு நாள் குறிக்கலாம்.

வாரநாளில் பயிற்சிக்குப் பத்துமலை இருக்கிறது. 272 படிகள், ஒரு படி 16 சென்டிமீட்டர் என்று வைத்தால் ஒரு முறை ஏறினால் சுமார் 43 மீட்டர். அந்தக் கணக்கில் நுவாங்கின் ஏற்றம் பத்துமலையை 28 முறை ஏறுவதற்குச் சமம். கோயில் படி என்ற மரியாதையோடு, விடிகாலைக் கூட்டம் இல்லாத நேரத்தில், முதுகில் இரண்டு லிட்டர் தண்ணீருடன் ஐந்தாறு முறை ஏறி இறங்கிப் பாருங்கள். இறங்குவதையும் பழகுங்கள், முட்டி தோற்பது இறக்கத்தில்தான்.

நம் வீடுகளுக்குச் சிறப்பாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. இந்நாட்டில் நீரிழிவு அதிகம் உள்ள சமூகம் நாம். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் பத்து மணி நேரம் ஏறி இறங்கினால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். மலையேறவே கூடாது என்று பொருள் இல்லை. மருத்துவரிடம் அன்றைய மருந்தளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்; குளுக்கோஸ் மிட்டாயைச் சட்டைப்பையிலேயே வையுங்கள்; உடன் வரும் ஒருவருக்காவது உண்மையைச் சொல்லுங்கள். காலுறையைக் கழற்றிப் பாதத்தை லோலோவில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். மாமாவோ சித்தியோ ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று மறைத்துக்கொண்டு வருவதுதான் ஆபத்து.

காகிதமும் கையெழுத்தும்

நுவாங் நிரந்தர வனக் காப்பகத்துக்குள் இருக்கிறது. சிலாங்கூர் மாநில வனத்துறையின் அனுமதி இல்லாமல் நுழைவது 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டப்படி குற்றம். 10,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். மழைக்காலத்தில் பாதைகளை மூடுவதும் உண்டு. வழிகாட்டி பற்றிய விதிகள் அவ்வப்போது மாறுவதால், ஆட்களைச் சேர்க்குமுன் வனத்துறையிடமே கேளுங்கள். முதல் முறை போகிறவர்கள் பதிவு பெற்ற மலை வழிகாட்டி (‘மாலிம் குனோங்’) ஒருவரோடு போவது நல்லது. அனுமதியில் உங்கள் பெயர் இருந்தால்தான் நீங்கள் உள்ளே இருப்பது மீட்புப் படைக்குத் தெரியும்.

இன்னொரு காகிதம் வீட்டுக்கு. யார் யார் போகிறோம், எந்தப் பாதை, வண்டி எண், எத்தனை மணிக்குத் தொடங்குகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புகிறோம், எத்தனை மணி வரை அழைப்பு வராவிட்டால் 999ஐ அழைக்க வேண்டும். ஆறே வரிகள். மேலே கைபேசிக்கு எல்லா இடத்திலும் அலைவரிசை கிடைக்காது. அந்த நேரத்தில் உங்களுக்காகப் பேசப்போவது இந்தத் தாள்தான். குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

எதற்காக இத்தனை பாடு?

மழைக்காட்டில் உயரம் ஏற ஏறக் காடே மாறுவதை ஒரே பகலில் காணலாம். அடிவாரத்தில் மூங்கிலும் காட்டு வாழையும். மேலே மெராந்தியும் செராயாவும். கிளையே இல்லாமல் நேராக எழும் தூண்கள். இவை ஆண்டுதோறும் பூப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை, பெரும்பாலும் ஒரு வறட்சியை அடுத்து, மலைமலையாகச் சேர்ந்து பூத்துக் காய்க்கின்றன. அந்தப் பருவம் வாய்த்தால் இறக்கை முளைத்த காய்கள் பம்பரமாகச் சுழன்று இறங்குவதைப் பார்க்கலாம். ஆயிரம் மீட்டருக்கு மேல் மரங்கள் குட்டையாகி, கிளைகளில் பாசி படர்ந்து, உச்சியை ஒட்டிக் குடுவைச் செடிகள் தென்படும். காலையில் சியாமாங் என்ற வாலில்லாக் குரங்குகள் தொண்டைப் பையை உப்பி எழுப்பும் குரல் பள்ளத்தாக்கின் மறுபக்கம் வரை கேட்கும். வானம் தெளிந்த நாளில் மேலேயிருந்து கிள்ளான் பள்ளத்தாக்கே தெரியும்.

இந்த மலையின் ஓடைகள் லங்காட் ஆற்றில் சேர்கின்றன. உலு லங்காட் அணையில் தேங்கி, 10ஆம் கட்டை சுத்திகரிப்பு நிலையத்தின் வழியாக நம் வீட்டுக் குழாய்க்கு வருவது அந்த ஆற்று நீர்தான். தெமுவான் பழங்குடி மக்களுக்கு இந்தச் சரிவுகள் தலைமுறை தலைமுறையாக வாழ்விடம். ஆகவே ஓடையில் சோப்புப் போட்டுக் குளிப்பதும், உச்சியில் போத்தலை வீசுவதும், ஒலிபெருக்கியில் பாட்டு வைப்பதும் அடுத்தவர் வீட்டில் செய்யும் அழிச்சாட்டியம். நம் பிள்ளைகளை மலைக்கு அழைத்துப் போகும்போது முதலில் சொல்லித்தர வேண்டியது இதைத்தான்.

கடைசியாக, கடினமான கேள்வி. உச்சிக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கும்போது ஒரு மணி ஆகிவிட்டால்? திரும்பிவிடுங்கள். அந்த இருபது நிமிடம் போக இருபது, வர இருபது, படம் எடுக்க இருபது என்று ஒரு மணி நேரமாகிவிடும். எதிர்பாராததற்காக ஒதுக்கிய அதே ஒரு மணி நேரம். அங்கே நின்று விவாதித்தால் ஆசைதான் ஜெயிக்கும். அதனால் முதல் நாள் இரவே, குழுவில் நிதானமான ஒருவரை நியமித்து, அவர் ‘போதும்’ என்றால் கேள்வி கேட்காமல் திரும்புவது என்று எல்லாரும் ஒப்புக்கொள்ளுங்கள். மெதுவாக நடப்பவரை முன்னால் விட்டு, பழகியவர் ஒருவர் கடைசியில் வரட்டும். பாதியில் திரும்பியவரைப் பிறகு யாரும் கிண்டல் செய்யக்கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். அவமானத்துக்குப் பயந்துதான் பலர் திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டிப் போகிறார்கள்.

பன்னிரண்டரைக்கு உச்சியைத் தொட்டவரும், பெங்காசியில் நேரம் பார்த்துத் திரும்பியவரும், அன்று மாலை பங்சூன் கடையில் ஒரே மேசையில் உட்கார்ந்து தே தாரிக் குடிக்க வேண்டும். திட்டம் போடுவது அதற்காகத்தான்.